"நமக்குக் கீழ பாறைதான இருக்கு, நமக்கென்ன?": மீத்தேன் பற்றி திருவேங்கடத்தில் பேசியது

(திருவேங்கடத்தில் நடந்த நம் கட்சியின் இளைஞர் பயிற்சிக் கூட்டத்தில், தகவல் தொழில்நுட்ப அணித் தம்பி பேசியதன் எழுத்து வடிவம். நீளமான பதிவுதான். பொறுமையா முழுசா படிங்க சொந்தங்களே. படிச்சுட்டுப் பகிருங்க.)



மேடையில இருக்கிற ஒன்றியப் பொறுப்பாளர் அண்ணாச்சி அவர்களுக்கும், கிளைப் பொறுப்பாளர்களுக்கும், தீப்பெட்டி ஆபீஸ் வேலைய முடிச்சுட்டு நேரா இங்க வந்திருக்கிற அக்காமார்களுக்கும், பின்னாடி செல்போன்ல லைவ் போட்டுக்கிட்டு இருக்கிற என் ஐடி விங் தம்பிகளுக்கும் முதல்ல நன்றி.

நான் மேடைப் பேச்சாளர் கிடையாது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடிச்சவன். நம்ம பக்கத்துக்கு கார்டு டிசைன் பண்றது, வீடியோ வெட்டி ஒட்டுறது, கமெண்ட்ல வர்றவங்களுக்குப் பதில் சொல்றது, இதுதான் என் வேலை. போன வாரம் அண்ணாச்சி போன் போட்டு, "தம்பி, மீத்தேன் மீத்தேன்னு எப்பப் பாத்தாலும் போஸ்ட் போடுதியே, அது என்னன்னு நம்ம பயலுகளுக்குக் கொஞ்சம் வெளக்கமாச் சொல்லு"ன்னாரு. சரின்னு ஒத்துக்கிட்டேன்.

அன்னைக்கு சாயங்காலமே டீக்கடையில ஒரு பெரியவர் என்னை மடக்கிட்டாரு. "ஏலே, நம்ம ஊருக்குக் கீழ நிலக்கரியா இருக்கு? போர் போட்டா முந்நூறு அடியில பாறைதாம்ல வருது. மன்னார்குடிக்காரன் கவலைய நீ ஏம்ல தூக்கிச் சுமக்க?"

நியாயமான கேள்வி. எனக்கு அங்க வச்சு பதில் வரலை. டீயக் குடிச்சுட்டு வந்துட்டேன். இந்த உரை முழுக்க அந்தப் பெரியவருக்கான பதில்தான். முன்வரிசையில உக்காந்திருக்காரு. தாத்தா, கடைசி வரைக்கும் எந்திரிச்சுப் போயிராதீங்க.

நிலக்கரிக்குள்ள எப்படி வாயு இருக்கு?

முதல்ல அடிப்படை. கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்னாடி மண்ணுக்குள்ள புதைஞ்ச காடுதான் நிலக்கரி. மரம் கரியா மாறுறப்ப மீத்தேன் வாயுவும் உண்டாகுது. அது நிலக்கரிக்குள்ளேயே தங்கிருது.

எப்படித் தங்குது? குகையில காத்து நிக்கிற மாதிரி இல்லை. நிலக்கரி முழுக்க கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். ஒரே ஒரு கிராம் நிலக்கரிக்குள்ள இருக்கிற துளைகளோட சுவர்களை எல்லாம் விரிச்சுப் போட்டா நூறு சதுர மீட்டரைத் தாண்டும். நம்ம கணக்குல ரெண்டரை சென்ட் நிலம்! ஒரு விரல் நுனி கரிக்குள்ள ஒரு வீட்டு மனை. அந்தச் சுவர்கள்லதான் மீத்தேன் ஒட்டிக்கிட்டு இருக்கு.

அதை அங்கேயே பிடிச்சு வச்சிருக்கிறது யாரு? தண்ணி. நிலக்கரி அடுக்கோட விரிசல்கள்ல நிக்கிற நிலத்தடி நீரோட அழுத்தம்தான் அந்த வாயுவை வெளிய விடாம அமுக்கி வச்சிருக்கு. கோலி சோடா குடிச்சிருப்பீங்க. கோலிய அமுக்கின உடனே புஸ்ஸுன்னு வருதே, ஏன்? உள்ள இருந்த அழுத்தம் போயிருச்சு. இங்கயும் கிட்டத்தட்ட அதே கதைதான். மீத்தேன் வேணும்னா அழுத்தத்தக் குறைக்கணும். அழுத்தத்தக் குறைக்கணும்னா தண்ணிய வெளிய எடுக்கணும்.

இந்த ஒரு வரிய மட்டும் மனசுல வச்சுக்கோங்க. வாயு எடுக்கிற வேலை முதல்ல தண்ணி எடுக்கிற வேலை.

சாதாரண எரிவாயுக் கிணத்துல முதல் நாளே வாயு நிறைய வரும், போகப் போகக் குறையும். நிலக்கரி மீத்தேன் கிணறு அதுக்கு நேர் எதிர். ஆரம்பத்துல வர்றது பெரும்பாலும் தண்ணி. மாசக்கணக்குல, சில இடத்துல வருசக்கணக்குல தண்ணிய எறைச்சுக்கிட்டே இருக்கணும். தண்ணி குறையக் குறையத்தான் வாயு கூடும். ஒரு கிணறு பத்தாது. ஊர் ஊரா வரிசையாப் போடணும்.

நம்ம ஊர்ல இருக்கிறவங்களுக்கு இதைத் தனியா விளக்க வேண்டியதில்லை. தண்ணிக்காக ஆயிரம் அடி போர் போட்டு, வெறும் புகையைப் பாத்துட்டு, வட்டிக் கடனோட வீட்டுக்கு வந்தவங்க இந்தக் கூட்டத்துலயே இருப்பீங்க. எங்க அப்பாவும் அதுல ஒருத்தர். நாம தேடி அலையுற தண்ணி, அந்தத் திட்டத்துல கழிவு. அந்தத் தொழில்ல அதுக்குப் பேரே வேற. "வெளியேத்தின நீர்".

அந்தத் தண்ணி எங்க போகும்?

"தண்ணிதான, வாய்க்கால்ல விட்டா விவசாயம் ஆகட்டுமே"ன்னு கேக்கலாம். நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன்.

ஆழத்துல நிலக்கரியோட கிடந்த தண்ணியில பெரும்பாலும் உப்பு அதிகம். குறிப்பா சோடியம். சோடியம் நிறைஞ்ச தண்ணிய களிமண் பூமியில பாய்ச்சினா என்ன ஆகும்? மண் கட்டு விட்டுப் போகும். மேல ஏடு மாதிரி இறுகிரும். தண்ணி உள்ள எறங்காது, வேருக்குக் காத்து போகாது. நம்ம ஆளுங்க இதுக்குப் பேரே வச்சிருக்காங்க: களர் நிலம்.

நம்ம கரிசல் மண்ணு களி நிறைஞ்ச மண்ணு. மழை பெஞ்சா ஊதும், காஞ்சா வெடிக்கும். இந்த மாதிரி மண்ணுக்குத்தான் சோடியம் ஆகவே ஆகாது. டெல்டாவுலயும் களிமண் பூமி ஏராளம். அமெரிக்காவுல வயோமிங் மாநிலத்துல, பவுடர் ரிவர் படுகையில, நிலக்கரி மீத்தேன் எடுத்தப்ப அந்த விவசாயிகளுக்கும் கம்பெனிகளுக்கும் பெரிய தகராறே இந்தச் சோடியம் தண்ணியாலதான். அதனால இது ஏதோ தமிழ்நாட்டுக்காரன் கிளப்பிவிட்ட பயம் இல்லை.

மன்னார்குடியில என்ன நடந்தது?

இப்ப நம்ம கதைக்கு வருவோம். தேதியோட சொல்றேன், குறிச்சுக்கோங்க. கமெண்ட்ல சண்டை போடுறப்ப உதவும்.

1997ல மத்திய அரசு நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கு ஒரு கொள்கை கொண்டு வந்தது. அதுக்கப்புறம் நாட்டுல பல இடங்கள்ல ஏலம் விட்டாங்க. மேற்கு வங்கத்துல ராணிகஞ்ச் பகுதியில, ஆசன்சோல் பக்கம், கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி கார்ப்பரேஷன்ங்கிற நிறுவனம் 2007ல வணிக உற்பத்தி ஆரம்பிச்சது. இந்தியாவுல அதுதான் முதல்.

அதே நிறுவனத்துக்குத்தான் மன்னார்குடி வட்டாரம் கொடுக்கப்பட்டது. 2010 ஜூலையில மத்திய அரசோட ஒப்பந்தம். 2011 ஜனவரியில மாநில அரசோட புரிந்துணர்வு ஒப்பந்தம். தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்கள்ல மொத்தம் 691 சதுர கிலோமீட்டர். அதுல பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்குன்னு 24 சதுர கிலோமீட்டரைக் கழிச்சா மீதி 667. அத்தனையும் காவிரித் தண்ணி பாயுற நெல் வயல். 2012 செப்டம்பர்ல சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைச்சது.

யார் ஆட்சியில கையெழுத்து, யார் ஆட்சியில அனுமதின்னு இங்க ஒரு மணி நேரம் சண்டை போடலாம். இன்னைக்கு அது வேண்டாம். நான் சொல்ல வந்தது வேற. 2010ல இருந்து 2012 வரைக்கும் இத்தனை கையெழுத்து ஓடிக்கிட்டு இருக்கு, அந்த வயல்ல நாத்து நட்டுக்கிட்டு இருந்த அக்காவுக்கு ஒண்ணுமே தெரியாது. தெரிஞ்சப்போ எல்லா அனுமதியும் கையில இருந்துச்சு.

தெரியவச்சது யாரு? கட்சிக்காரங்களும் விவசாய சங்கங்களும் இருந்தாங்க. எல்லாரையும் விட ஊர் ஊரா நடந்து, திண்ணையில உக்காந்து, விவசாயி மொழியில பேசினவர் நம்மாழ்வார் ஐயா. பச்சைத் துண்டு, வெள்ளைத் தாடி. அவரும் விவசாயப் பட்டதாரி. கோவில்பட்டியில, நம்ம கரிசல் பூமியில இருந்த ஆராய்ச்சிப் பண்ணையில வேலை பாத்தவர். மானாவாரி விவசாயியோட கஷ்டத்தை அவர் கத்துக்கிட்டது இங்கதான். அந்த மனுசன் தன்னோட 75வது வயசுல, 2013 டிசம்பர் 30ஆம் தேதி, பட்டுக்கோட்டை பக்கம் மீத்தேன் எதிர்ப்புப் பயணத்துல இருந்தப்பவே காலமானார். அப்ப நான் ஸ்கூல் பையன். எங்க வாத்தியார் வகுப்புல ஒரு நிமிசம் எந்திரிச்சு நிக்கச் சொன்னாரு. யாருக்காக நிக்குறோம்னு கூட அப்ப எனக்குத் தெரியாது.

2013ல மாநில அரசு வேலைய நிறுத்தி வச்சு, ஒரு தொழில்நுட்ப வல்லுநர் குழு அமைச்சது. 2015 அக்டோபர்ல, அந்தக் குழு அறிக்கையின் பேர்ல, திட்டத்துக்கு அனுமதி கிடையாதுன்னு அரசு அறிவிச்சது. மன்னார்குடியில ஒரு மீத்தேன் கிணறு கூட உற்பத்திக்கு வரலை.

சொந்தங்களே, இது சின்ன விஷயம் இல்லை. மத்திய ஒப்பந்தம், மாநில ஒப்பந்தம், சுற்றுச்சூழல் அனுமதி எல்லாம் முடிஞ்ச ஒரு திட்டத்தை, வயல்ல இருந்தவங்க திருப்பி அனுப்பியிருக்காங்க.

எதிர்த் தரப்புக்கும் நியாயம் இருக்கா?

இருக்கு. அதையும் சொல்லணும். இல்லைன்னா நாம வெறும் கோஷம் போடுறவங்க ஆயிருவோம்.

நிலக்கரிய எரிக்கிறதை விட மீத்தேனை எரிச்சா அதே கரண்டுக்கு கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ பாதிதான் வரும். சாம்பல் கிடையாது. நிலக்கரிச் சுரங்கத்துல தோண்டுறதுக்கு முன்னாடி மீத்தேனை எடுத்துட்டா வெடிவிபத்து குறையும், தொழிலாளி உயிர் தப்பும். மத்தியப் பிரதேசத்துல சோஹாக்பூர்ல ரிலையன்ஸ் 2017ல இருந்து எடுக்குது. ராணிகஞ்ச்ல இன்னும் எடுக்குறாங்க. எல்லா இடமும் பாலைவனம் ஆயிருச்சுன்னு சொன்னா அது பொய்.

ஆனா ரெண்டு கணக்குப் பாக்கணும். ஒண்ணு, இத்தனை வருசம் கழிச்சும் இந்தியாவோட மொத்த எரிவாயு உற்பத்தியில நிலக்கரி மீத்தேன் பங்கு ஏறத்தாழ 2 சதவீதம்தான். ரெண்டு, மீத்தேன் எரியாம கசிஞ்சா, 20 வருசக் கணக்குல, அதே எடை கார்பன் டை ஆக்சைடை விட 80 மடங்குக்கு மேல பூமிய சூடாக்கும். நூத்துக்கணக்கான கிணறு, குழாய், வால்வு. எங்க கசியுதுன்னு யாரு தினமும் பாக்குறது?

ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கப் பூமி. மன்னார்குடி நெல்லுப் பூமி. ரெண்டையும் ஒரே அளவுகோல்ல அளக்கிறதுதான் தப்பு. தொழில்நுட்பம் நல்லதா கெட்டதான்னு கேக்காதீங்க. எந்த மண்ணுல, யாரோட தண்ணியிலன்னு கேளுங்க.

இப்ப புதுசா வருது: எடுத்த இடத்துல புகையைப் போடலாமாம்

இதுதான் நான் இன்னைக்கு முக்கியமா சொல்ல வந்தது. தம்பிகளா, செல்லை ஒரு நிமிசம் கீழ வைங்க.

உலகம் முழுக்க ஒரு யோசனை ஓடுது. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியில இருந்து கார்பன் டை ஆக்சைடைத் தனியாப் பிரிச்சு, குழாய்ல கொண்டு போயி, ஆழத்துல இருக்கிற நிலக்கரி அடுக்குக்குள்ள செலுத்துறது. ஏன் நிலக்கரி? அந்தச் சுவர்ல ஒட்டுறதுக்கு மீத்தேனை விட கார்பன் டை ஆக்சைடுக்குத்தான் ஆசை அதிகம். பஸ்ல சீட்டுல உக்காந்திருக்கிறவனை எழுப்பிவிட்டு அந்த இடத்துல தான் உக்காந்துக்கிற மாதிரி, மீத்தேனை வெளிய தள்ளிட்டு அது உக்காந்துக்கும். நல்ல நிலக்கரியில ஒரு மீத்தேன் இருந்த இடத்துக்கு ரெண்டு கார்பன் டை ஆக்சைடு. பழுப்பு நிலக்கரியில பத்து வரைக்கும் கூடப் போகும்னு ஆய்வகத்துல அளந்திருக்காங்க.

ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. மேல மீத்தேன் கிடைக்கும், கீழ புகை அடையும். காலேஜ்ல இதை முதல்ல படிச்சப்ப எனக்கே புல்லரிச்சது. பொய் சொல்லலை.

நடைமுறையில என்ன ஆச்சு? அமெரிக்காவுல நியூ மெக்சிகோவில, சான் வான் படுகையில, ஆலிசன்ங்கிற இடத்துல 1995ல ஆரம்பிச்சு 2001 வரைக்கும் செலுத்திப் பாத்தாங்க. மீத்தேன் கூடுதலா வந்தது உண்மை. ஆனா கார்பன் டை ஆக்சைடைக் குடிச்ச நிலக்கரி ஊதிக்கிச்சு. மழையில நனைஞ்ச மரக்கதவு மாதிரி. ஊதினதும் விரிசல் அடைபட்டுப் போச்சு, உள்ள வாயு போற வேகம் குறைஞ்சது. அடுத்து போலந்துல கானியூவ்ங்கிற ஊர்ல 2004ல இருந்து 2005 வரைக்கும் ஐரோப்பிய ஒன்றியப் பணத்துல ஒரு சோதனை. அங்கயும் அதே ஊதல். கடைசியில பாறையை அழுத்தம் கொடுத்து உடைச்சுத்தான் உள்ள செலுத்த முடிஞ்சது. மொத்தமா உள்ள போனது ஆயிரம் டன்னைக் கூட எட்டலை.

ஆயிரம் டன்னுன்னா எவ்வளவு? நம்ம தூத்துக்குடி அனல்மின் நிலையத்தை எடுத்துக்குவோம். 210 மெகாவாட் வீதம் 5 அலகு, மொத்தம் 1050 மெகாவாட்டுக்குக் கட்டினது. ஒரு யூனிட் கரண்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு. அஞ்சும் முழு வீச்சுல ஓடினா ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் டன் சுமார். அதாவது போலந்துல வருசக்கணக்கா பாடுபட்டு உள்ள அனுப்பினது, தூத்துக்குடியோட ஒரு மணி நேரத்துப் புகை.

அதே தூத்துக்குடியில இன்னொரு கதையும் இருக்கு. அதையும் சொல்லணும், நமக்குப் பெருமைதான். தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் தொழிற்சாலையில, நிலக்கரி பாய்லர் புகையில இருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரிச்சு, அதையே மூலப்பொருளா வச்சு சோடா உப்பு தயாரிக்கிற ஏற்பாட்டை 2016ல தொடங்கினாங்க. வருசத்துக்கு 60,000 டன் பிடிக்கிற திட்டம். பிரிக்கிற தொழில்நுட்பத்தை உருவாக்கின கம்பெனிய ஆரம்பிச்சவங்க ரெண்டு இந்திய இன்ஜினியர்கள். உலகப் பத்திரிகையெல்லாம் எழுதுச்சு. மண்ணுக்குள்ள புதைக்கலை, பொருளா மாத்தினாங்க. ஆனா அளவைப் பாருங்க. 60,000 டன்னுங்கிறது அந்த அனல்மின் நிலையம் முழு வீச்சுல ஓடினா மூணு நாளுக்குள்ள விடுற புகை.

நிலத்தடியில புகையைச் சேமிக்கவே முடியாதுன்னு நான் சொல்லலை. நார்வேயில ஸ்லெய்ப்னர்ங்கிற இடத்துல, கடலுக்கு அடியில உப்புத்தண்ணி நிக்கிற மணற்பாறைக்குள்ள, 1996ல இருந்து செலுத்துறாங்க. பெரும்பாலான வருசம் பத்து லட்சம் டன் வரைக்கும் போயிருக்கு. அது நடுக்கடல். மேல ஊரு கிடையாது, வயல் கிடையாது, குடிதண்ணிக் கிணறு கிடையாது.

ஊருக்குள்ள குழாய் போனா என்ன ஆகலாம்ங்கிறதுக்கும் உதாரணம் இருக்கு. 2020 பிப்ரவரி 22. அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலத்துல சட்டார்ஷியாங்கிற சின்ன ஊர். கனமழையில மண் சரிஞ்சு, கார்பன் டை ஆக்சைடு கொண்டு போற குழாய் வெடிச்சது. அந்த வாயு காத்தை விட கனம். மேல போகாது, பள்ளத்துல தங்கும். ஆக்சிஜன் இல்லாம கார் இன்ஜினே நின்னு போச்சு, ஜனங்க தப்பிச்சு ஓட வழியில்லை. 45 பேர் ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

சட்டத்துல ஒரு ஓட்டை

இப்ப நம்ம தமிழ்நாட்டுக்கு வாங்க. இந்தியாவுல இருக்கிற பழுப்பு நிலக்கரியில ஏறத்தாழ 80 சதவீதம் தமிழ்நாட்டுலதான். அதுல மிகப் பெரிய இருப்பு மன்னார்குடி வட்டாரம். பழுப்பு நிலக்கரிதான் ஒண்ணுக்குப் பத்துன்னு கார்பன் டை ஆக்சைடைக் குடிக்கும்னு முன்னாடி சொன்னேன். ரெண்டையும் சேத்துப் பாருங்க. 2022 நவம்பர்ல நிதி ஆயோக் கார்பன் பிடிப்பு, சேமிப்பு பத்தி ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. நிலக்கரி அடுக்குல சேமிக்கிறதும் அதுல ஒரு வழியா இருக்கு.

2020 பிப்ரவரியில பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேறிச்சு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள், கடலூர், புதுக்கோட்டையில சில ஒன்றியங்கள். எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு இதையெல்லாம் தேடவோ, துளையிடவோ, எடுக்கவோ புதுசா அனுமதி கிடையாது. நல்ல சட்டம்.

ஆனா அந்தத் தடைப் பட்டியலை ஒரு தடவை உக்காந்து படிங்க. நான் படிச்சேன். எடுக்கிறதைப் பத்தி இருக்கு. போடுறதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. நாளைக்கு ஒருத்தர் வந்து, "நாங்க எதையும் எடுக்கலை, பூமியக் காப்பாத்தத்தான் புகையைப் பொதைக்கிறோம்"னு சொன்னா, எந்த வரியைக் காட்டித் தடுப்போம்? நடக்கும்னு நான் ஜோசியம் சொல்லலை. ஓட்டையை முன்னாடியே அடைக்கணும்னு சொல்றேன்.

என் தப்பு ஒண்ணு

இப்ப ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். அந்தச் சட்டம் வந்தப்ப நான் காலேஜ் படிச்சுக்கிட்டு இருந்தேன். சந்தோசத்துல ராத்திரியோட ராத்திரியா ஒரு கார்டு டிசைன் பண்ணிப் போட்டேன். "டெல்டா முழுக்கப் பாதுகாப்பு. இனி ஒரு கிணறும் தோண்ட முடியாது." பச்சைப் பின்னணி, நெற்கதிர், பெரிய எழுத்து. ஆயிரக்கணக்குல ஷேர் போச்சு.

மறுநாள் என் ஹாஸ்டல் நண்பன் கூப்பிட்டான். அரியலூர் மாவட்டத்துக்காரன். "மாப்ள, கார்டு சூப்பரா இருக்கு. ஆனா எங்க ஊரு அந்த மண்டலத்துலயே இல்லைடா. எங்க அப்பா உன் கார்டைப் பாத்துட்டு, இனி பயமில்லைன்னு நிம்மதியாத் தூங்குறாரு. அவருகிட்ட நான் என்ன சொல்ல?"

சட்டத்தை எடுத்துப் படிச்சேன். அவன் சொன்னது சரி. நிறைவேறின சட்டத்துல அரியலூர், திருச்சி, கரூர் இல்லை. ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்கிற எண்ணெய்க் கிணறுகளையும் அது தொடலை. சட்டத்தைப் படிக்காமலே கார்டு போட்டிருக்கேன். அழிச்சேன். ஆனா ஷேர் ஆனது ஷேர் ஆனதுதானே?

மூணு வருசம் கழிச்சு, 2023 மார்ச் கடைசியில, மத்திய நிலக்கரி அமைச்சகம் ஏலப் பட்டியல் வெளியிட்டது. அதுல தமிழ்நாட்டுல மூணு இடம். வடசேரி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கு, மைக்கேல்பட்டி. அந்த மைக்கேல்பட்டி எந்த மாவட்டம்? அரியலூர்! மண்டலத்துக்கு வெளிய. நியூஸைப் பாத்ததும் எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது என் நண்பனோட அப்பாதான். தமிழ்நாடே ஒரே குரல்ல எதிர்த்தது. முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், சட்டமன்றத்துல எல்லாக் கட்சியும் பேசிச்சு. ஏப்ரல் 8ஆம் தேதி அந்த மூணு இடத்தையும் ஏலத்துல இருந்து எடுத்துட்டதா மத்திய அமைச்சர் அறிவிச்சார்.

அன்னைக்கு ஒரு முடிவு எடுத்தேன். எதையும் படிக்காம போடமாட்டேன். ஐடி விங் தம்பிகளுக்கும் இதைத்தான் சொல்றேன். எதிரி பொய் சொன்னா ஒரு பதிவுல உடைச்சுரலாம். நாம ஒரு பொய் சொல்லிட்டா, அடுத்து நாம சொல்ற பத்து உண்மையும் செத்துப் போகும். "மீத்தேன் எடுத்தா பூகம்பம் வரும், மொத்த டெல்டாவும் கடலுக்குள்ள போகும்"னு வர்ற பார்வர்டுகளை அனுப்பாதீங்க. உண்மையே போதும். தண்ணி போகும், உப்பு வரும், வாயு கசியும். இதுவே ஒரு விவசாயிக்குப் புரியும்.

தாத்தா, இப்ப உங்க கேள்விக்கு வாரேன்

"நமக்குக் கீழ பாறைதான இருக்கு, நமக்கென்ன?"

ஒண்ணு. நம்ம கரிசல்ல பருத்தி விளையும், உளுந்து விளையும், மக்காச்சோளம் விளையும். ஆனா இன்னைக்கு மத்தியானம் நீங்க சாப்பிட்ட சோறு? ரேசன் கடை அரிசி எந்த வயல்ல இருந்து வருதுன்னு யோசிங்க. அந்த வயலுக்குக் கீழதான் நிலக்கரி.

ரெண்டு. நம்ம வீட்டுல எரியுற லைட்டுக்குத் தூத்துக்குடியில கரி எரியுது. அந்தப் புகையை எங்க பொதைக்கன்னுதான் இந்தப் பேச்சே. கரண்டு நமக்கு, புகை இன்னொருத்தன் வயலுக்குன்னா அது நியாயமா? நம்ம வட்டாரத்துல சுத்திச் சுத்தி காத்தாடி நிக்குது. கயத்தாறுல இருந்து சங்கரன்கோவில் வரைக்கும் பாருங்க. புகையே விடாத கரண்டு கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. புகையைப் பொதைக்க இடம் தேடுறதை விட, புகையைக் குறைக்கிறதுதான் முதல் வேலைன்னு சொல்ற உரிமை நமக்குத்தான் அதிகம்.

மூணு, இதுதான் முக்கியம். மன்னார்குடிக்கு மீத்தேன் வந்த மாதிரி நம்ம ஊருக்கு வேற ஏதோ ஒண்ணு, வேற பேருல வரலாம். பேரு மாறும். "வேலை வாய்ப்பு, வளர்ச்சி, ஊருக்கு ரோடு"ங்கிற பேச்சு மாறாது. வேலையில்லாத இன்ஜினியர் நான். அந்தப் பேச்சு எனக்கே இனிக்கும். அதனாலதான் கேள்வியை முன்னாடியே எழுதி வச்சுக்கணும்.

எந்தத் திட்டம் வந்தாலும் இந்த 5 கேள்வி:

1. எவ்வளவு தண்ணி எடுப்பீங்க, எத்தனை வருசத்துக்கு?
2. கழிவுத் தண்ணியில என்ன இருக்கும், எங்க விடுவீங்க?
3. கசிவை யாரு அளப்பா? அந்தக் கணக்கு ஊருக்குக் காட்டப்படுமா?
4. நீங்க போனதுக்கப்புறம் அந்தக் கிணத்துக்கு யாரு பொறுப்பு? 10 வருசமா, 100 வருசமா?
5. அரசுகிட்ட வாங்கின அனுமதியில என்னென்ன நிபந்தனை? தமிழ்ல எங்க இருக்கு?

இதை எங்க கேக்குறது? 2020 ஜனவரியில மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விதியைத் திருத்தி, எண்ணெய், எரிவாயு தேடுற கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்பே தேவையில்லைன்னு ஆக்கிருச்சு. அப்ப நமக்கு மிச்சம் இருக்கிற இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருசத்துக்கு ஆறு தடவை. நம்மள்ல எத்தனை பேர் போறோம்? கையைத் தூக்குங்க பாப்போம்.

(கூட்டத்துல பத்துப் பன்னிரண்டு கைதான் எழுந்துச்சு.)

சரி, பரவாயில்லை. அடுத்த கிராம சபைக்கு இங்க இருக்கிற எல்லாரும் போகணும். போட்டோ எடுத்துப் போடுறதுக்கு இல்லை, தீர்மானம் எழுதுறதுக்கு. கிராம சபைத் தீர்மானம் எழுத்துல இருந்தா நாளைக்குக் கோர்ட்டுல நிக்கும். என் கார்டு நிக்காது.

கட்சித் தலைமைக்கும் இந்த மேடை வழியா ஒரு கோரிக்கை வைக்கிறேன். வேளாண் மண்டலச் சட்டத்துல விடுபட்ட டெல்டா பகுதிகளைச் சேர்க்கணும். நிலத்தடியில கார்பன் டை ஆக்சைடு செலுத்துறதையும் அந்தத் தடைப் பட்டியல்ல சேர்க்கணும். இதை நம்ம கட்சி முன்வைக்கணும். ஒன்றியப் பொறுப்பாளர் அண்ணாச்சி தலையாட்டுறாங்க. லைவ்ல பதிவாயிருச்சு அண்ணாச்சி, இனி மாத்த முடியாது.

அன்னைக்கு வகுப்புல ஒரு நிமிசம் எந்திரிச்சு நின்னேனே, யாருக்குன்னு தெரியாம. இப்பத் தெரியும். அந்த மனுசன் நம்ம கரிசல்ல கத்துக்கிட்டதை டெல்டாவுல போயிச் சொன்னாரு. டெல்டாக்காரங்க கத்துக்கிட்டதை இப்ப நான் கரிசல்ல வந்து சொல்லுதேன். அவ்வளவுதான் தாத்தா. பாறைக்கு மேலயும் தண்ணி குடிக்கிற மனுசங்கதான இருக்கோம்.



(கூட்டம் முடிஞ்சதும் அந்தப் பெரியவர் வந்து, "அந்த அஞ்சு கேள்வியையும் ஒரு தாள்ல எழுதிக் குடு, வீட்டுல ஒட்டி வைக்கேன்"னு கேட்டு வாங்கிட்டுப் போனார். உங்களுக்கும் வேணும்னா இந்தப் பதிவைச் சேமிச்சுக்கோங்க. தகவல்ல ஏதாவது பிழை இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, திருத்திருவோம்.)

#மீத்தேன் #திருவேங்கடம் #தென்காசி #டெல்டாவைக்காப்போம் #கிராமசபைக்குப்போவோம்